கறை அண்ணனும் உப்புத்தாளும்

மனிதர்களில் வாசகநேசர் என்று ஓர் இனம் இருக்கிறது. அலுவலகத்தில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம், மாடிப்படியில் தினமும் எதிரே வரலாம், உங்கள் சொந்தச் சகலையாகவேகூட இருக்கலாம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நேரில் நின்று, "சார், எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்று சொல்லிப் பாருங்கள். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். அதே காய்ச்சலை அவருடைய வலைப்பூவில், பதிவுக்குக் கீழே, பின்னூட்டமாக எழுதிப் பாருங்கள். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், 'அன்பு நண்பரே, துடித்துப்போனேன்' என்று தொடங்கி, மாத்திரை போட்டீர்களா என்று விசாரித்து, உங்களைக் கவனிக்காத வீட்டாரை இரண்டு வரி கண்டித்து, குணமானதும் மறக்காமல் வந்து தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு, அடியில் ஒரு பூங்கொத்துப் படத்தையும் ஒட்டியிருப்பார். காய்ச்சல் அதேதான். வந்த வாசல்தான் வேறு.

நம் கைக்குக் கிடைத்திருக்கும் வாசகநேசர், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பில் போடும் பிரிவில் வேலை பார்க்கிறவர். நாற்பதைத் தாண்டியவர். வீட்டிலிருந்தே சம்பாதிப்பது எப்படி என்று இணையத்தில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு நடத்திய வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு நடத்தியவர் சொன்ன மந்திரம் இது: 'வாசகரை உறவாக்கு. உறவை வருமானமாக்கு.' எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள் என்றும் சொன்னார். நம்மவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். காலையில் சிந்திய டீ இருந்தது. ஆயிற்று, தலைப்பு கிடைத்துவிட்டது.

துணியில் படுகிற கறைகளை நீக்குவது பற்றி அவர் வலைப்பூ தொடங்கியது அப்படித்தான். மை, துரு, எண்ணெய், உதட்டுச் சாயம், தார் என்று ஊரில் உள்ள அத்தனை கறைகளுக்கும், வேறு வேறு இடங்களில் வாசித்ததைக் கலந்து கட்டி வைத்தியம் எழுதினார். அவர் இதுவரை எதையாவது துவைத்திருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் சமைத்துப் பார்த்தா எழுதுகிறார்கள்? அவர் கழற்றிப் போட்ட சட்டை மறுநாள் அலமாரியில் மடித்து இருக்கும். நடுவில் அது எங்கெங்கே போய் வந்தது என்று அவர் ஆராய்ந்ததில்லை.

ஆனால் வாசகர்களைக் கவனிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'கறை அண்ணன்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். எந்தத் தங்கையின் மகளுக்குத் தேர்வு, எந்தத் தம்பி வீடு மாறுகிறான், யாருடைய பூனைக்கு முன்னங்கால் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பதிவின் முடிவிலும், 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று கேட்பார். யாராவது 'நன்றி' என்று எழுதினால், 'உங்கள் நன்றிக்கு என் நன்றி' என்பார். ஒருமுறை ஒருவர் வெறுமனே 'ம்' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த 'ம்'முக்குள் இருக்கும் சோகம் தனக்குப் புரிவதாக அண்ணன் ஒரு பத்தி பதில் எழுதினார். அந்த மனிதர் விரல் தவறிப்போய் அழுத்தியிருக்கக்கூடும்.

இந்தக் கருணை மழையெல்லாம் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில், மடிக்கணினிக்கும் தட்டுக்கும் நடுவில் பொழியும். அவர் மனைவி பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேஜையில் நாள் முழுக்க அடுத்தவர் வலியைக் கேட்டுவிட்டு வருகிறவள்.

"என்னங்க, அடுப்பைக் கொஞ்சம் பாருங்க."

"ஒரு நிமிஷம். இங்க ஒரு வாசகி அழுதுட்டிருக்காங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"சோபாவுல டீ கொட்டிடுச்சாம்."

"இங்க பால் கொட்டிட்டிருக்கு."

"ம்" என்றார்.

வருமானம் வரத்தான் செய்தது. பதிவுக்கு நடுவே விளம்பரம் ஓடும். வாசகர் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறாரோ அவ்வளவுக்குக் காசு. ஆனால் துணி வெளுத்துவிட்டால் வாசகர் எதற்குத் தங்கப் போகிறார்? நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்பு ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டம் சேர்ப்பதில்லை என்பது நம்மவருக்கு மெல்லப் புரிந்தது. தெருவில் இரண்டு பேர் கைகொடுத்துக்கொண்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டால்தான் பேருந்தில் போகிறவன்கூட இறங்கி வருவான்.

அப்போது சோப்பு நிறுவனம் ஒன்று அவரைக் கண்காணிக்கத் தொடங்கியிருந்தது. பின்னூட்டங்கள் இன்னும் பெருகினால் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவதாக அங்கிருந்து ஓர் அம்மையார் பேசினார். நம்மவர் தலைகால் புரியாமல், வேலையை விடப்போவதாக அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார். ஒப்பந்தம் வராவிட்டால் பில்லும் இல்லை, பூங்கொத்தும் இல்லை.

எனவே தன்னோடு சண்டை போட ஓர் ஆளைத் தானே உண்டாக்கினார். வேறொரு பெயரில் ஒரு கணக்கு. மரத்தைத் தேய்க்கும் சொரசொரப்பான உப்புத்தாள் இருக்கிறதே, அதையே பெயராக வைத்தார். உப்புத்தாள் வந்து அண்ணனைத் திட்ட வேண்டும், அண்ணன் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், கூட்டம் கூட வேண்டும். திட்டம் சரிதான். ஆனால் உப்புத்தாள் முதன்முதலில் என்ன எழுதியது தெரியுமா? 'ஐயா, தங்கள் பதிவு மிகச் சிறப்பு. எனினும் இன்னும் நீளமாக எழுதாமல் எங்களை ஏமாற்றுகிறீர்கள்.' பாவம், அவரும் எவ்வளவோ முயன்று பார்த்தார். எவ்வளவு தேடியும் தன்னிடம் ஒரு குறைகூட அகப்படவில்லை. வாசகநேசருக்கு உள்ள பெரிய ஊனம் இதுதான்.

உதவி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. துணியில் சிந்திய பாலைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைக்கவும் என்பது அவர் வைத்தியம். தட்டை எடுக்க வந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பால் கறைக்கு வெந்நீரா? பாலைத் துணியிலேயே காய்ச்சப் போறீங்களா? பச்சைத் தண்ணியில அலசணும்ங்க. சூடு பட்டா அது அங்கயே குடியிருந்துடும்."

அவர் விரல்கள் நின்றன. அவள் அந்தப் பக்கம் போனதும், பதிவை அப்படியே வெளியிட்டுவிட்டு, அதன் கீழே உப்புத்தாள் பெயரில் அவள் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் எழுதினார். பதிவு பற்றிக்கொண்டது. 'காய்ச்சிய பாலில் டீயும் போட்டுத் தருவாரா அண்ணன்?' என்று ஒருவர். 'அண்ணனைக் கிண்டல் செய்ய நீ யார்?' என்று இன்னொருவர். 'உப்புத்தாள் சொன்னபடி செய்தேன், கறை போய்விட்டது' என்று மூன்றாமவர். அண்ணன் சாந்தமாக, 'உப்புத்தாளின் கருத்தையும் மதிக்கிறேன்' என்று பதில் போட்டார்.

அன்று முதல் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினி மூடியது. "அப்புறம்?" என்றார் அவர். "நீ என்ன நினைக்கற?" என்றார். "ஏன் அப்படித் தோணுது உனக்கு?" என்றார். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"அக்கா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் பேசறதை எல்லாம் கேட்கறாரு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

ஆனால் கேட்கிற காது ஒன்று கிடைத்தால் யாருக்குத்தான் வாய் திறக்காது? கொஞ்ச நாளில் பயம் போய்விட்டது. பகலில் மருத்துவமனையில் நடக்கிறதை, வாய்க்குள் பஞ்சு வைத்துக்கொண்டே கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற நோயாளியை, தன்னை 'ஏய்' என்று கூப்பிடுகிற மருத்துவரின் மாமியாரை எல்லாம், மாலையில் அவரிடம் சொல்வதற்கென்றே சேர்த்து வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை அவள் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று.

ஒருநாள் சாப்பிட்டு முடித்த பிறகு, யோசனையாகச் சொன்னாள்: "எல்லார் வீட்டுலயும் சட்டையில கறை இருந்தாத்தான் துவைச்சவ ஞாபகம் வருதுங்க. சுத்தமா இருக்கற அன்னைக்கு அவ இருக்கறதே தெரியாது."

அவர் கண்கள் கலங்கின. உண்மையாகவே கலங்கின, அதில் சந்தேகம் வேண்டாம். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். எதற்கென்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலையில், பல் மருத்துவமனையில், வீங்கிய கன்னத்தோடு வரிசையில் காத்திருந்த ஒரு பெண்மணி, கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்க முயன்று, வலி பொறுக்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் வரவேற்பு மேஜைக்காரி.

"ஒண்ணும் இல்லம்மா. இங்க ஒருத்தர் எழுதறார். உப்புத்தாள்னு பேரு. கேளேன், 'சட்டையில் கறை இருந்தால்தான் துவைத்தவள் ஞாபகம் வருகிறது, சுத்தமாக இருக்கிற அன்றைக்கு அவள் இருப்பதே தெரியாது.' ஆம்பளைதான், ஆனா எப்படிப் புரிஞ்சு வச்சிருக்கார் பாரு. அவர் பொண்டாட்டி கொடுத்து வச்சவ."

மேஜைக்காரி அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். அவள் சொன்ன பேரம் அங்கே இருந்தது. மருத்துவரின் மாமியார் இருந்தாள். காய்ச்சிய பாலும் இருந்தது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்தது நீங்கதான், உள்ள போங்க" என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து கேட்டது புருஷன் இல்லை, பதிவுக்குச் சரக்கு எடுக்க வந்தவன் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் அன்று மாலையே மடிக்கணினியை வாளித் தண்ணீரில் ஊறவைத்திருப்பாள். இவள் சாப்பாடு பரிமாறினாள். அவர் கன்னத்தில் கை வைத்தபடி, "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன? உங்க வலைப்பூவை இன்னைக்குப் பார்த்தேன். கறை அண்ணன், கறை அண்ணன்னு எல்லாரும் உருகறாங்க. அந்த அண்ணன் தன் கையால ஒரு கைக்குட்டையாவது துவைச்சிருப்பாரான்னு ஒருத்தரும் கேட்கலையே."

நம்மவர் வாய்விட்டுச் சிரித்தார். அபாரமான வரி. அந்த வாரம் கூட்டம் சற்று இளைத்திருந்தது, சோப்பு அம்மையாரும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தன்னைப் பற்றிய கேள்வி என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நல்ல பின்னூட்டம் ஒன்று கையில் கிடைத்த பிறகு அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்கிற நிதானம் இந்த இனத்துக்குக் கிடையாது. சோற்றுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போய், தன்னைத் தானே கேட்டுக்கொண்டார்: 'கறை அண்ணன் தன் கையால் ஒரு கைக்குட்டையாவது துவைத்திருப்பாரா?'

முதலில் வாசகர்கள் உப்புத்தாள் மீது பாய்ந்தார்கள். 'அண்ணனின் கைகளைக் கேவலப்படுத்தாதே' என்றார்கள். பிறகு, பூனைக்குக் கட்டுப் போட்டிருந்த அந்தத் தங்கை, அன்பு மிகுதியால் ஒரு யோசனை சொன்னாள்: 'அண்ணா, அந்த வாயை அடைக்க, ஒரே ஒரு சட்டையை நேரலையில் எங்கள் கண்முன்னால் துவைத்துக் காட்டுங்கள்.' அவ்வளவுதான். துவைத்துக் காட்டுங்கள் அண்ணா, துவைத்துக் காட்டுங்கள் அண்ணா என்று ஊரே திரண்டது.

சோப்பு அம்மையார் தொலைபேசியில் வந்தார். "சார், சூப்பர் ஐடியா. நம்ம சோப்பை வச்சே பண்ணிடுங்க. அது முடிஞ்சதும் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுடலாம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியிடம் போனார்.

"ஏம்மா, முன்னாடியே நீ ஒண்ணைத் துவைச்சுக் கொடுத்துடேன். நான் கடைசியில தூக்கிக் காட்டிடறேன்."

"நேரலைன்னா நேரா நடக்கறதுதானேங்க? உங்க கைதான் தெரியணும். நான் வேணும்னா போனைப் பிடிச்சுக்கறேன்."

"பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுப்பல்ல?"

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்கதானே ஊருக்கே சொல்றீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறையில் ஒரு வாளி, ஒரு ஸ்டூல், அண்ணனின் வெள்ளைச் சட்டை. பால் கலந்த காபியை அதன் மேல் தாராளமாக ஊற்றி, "அன்பு உறவுகளே" என்று ஆரம்பித்தார். பேச்சு பிரமாதமாக இருந்தது. பேசப் பேச வாசகர்கள் குவிந்தார்கள். ஆனால் எவ்வளவு நேரம்தான் சட்டையைத் தொடாமல் பேசுவது? சோப்புத் தூளைப் பொட்டலத்தோடு கவிழ்த்தார். நுரை வாளியைத் தாண்டி வந்து அவர் பாதத்தை மூடியது. சட்டையின் கழுத்தைப் பிடித்தார், பிறகு கையைப் பிடித்தார். பிறகு, குழந்தையைத் தூங்கப் பண்ணுவது போலத் தட்டிக் கொடுத்தார். 'அண்ணா, அது என்ன முறை?' என்று திரையில் ஒருவர் கேட்டார். "அருமையான கேள்வி" என்று சொல்லி, கேள்வி கேட்டவர் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. எதிரே, கைப்பேசிக்குப் பின்னாலிருந்த முகத்தைக் கெஞ்சலாகப் பார்த்தார். அந்த முகம் எங்கேயோ பார்த்தது.

வேறு வழியில்லாமல் குழாயைத் திறக்கப் போனார். அங்கே இரண்டு குழாய்கள். அவர் கை, எழுதிப் பழகிய பக்கமே போனது. வெந்நீர்க் குழாயைத் திருகினார். ஆவி கிளம்பியது.

"பாலைத் துணியிலேயே காய்ச்சப் போறீங்களா?"

கைப்பேசிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கணீரென்று, எல்லாருக்கும் கேட்கும்படி. வாய் தவறி வந்ததா, தெரிந்தே வந்ததா என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று சொன்னேன் என்பாள். திரையில் ஒரு வரி வந்தது: 'இது உப்புத்தாள் அல்லவா?' அதன் பின்னால் மழைதான். 'உப்புத்தாள் அண்ணன் வீட்டிலா இருக்கிறார்?' 'இருக்கிறார் இல்லை ஐயா, இருக்கிறாள்.' 'அக்கா, கைப்பேசியைத் திருப்புங்கள், உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.'

அண்ணன் என்ன செய்தார்? இந்த இனம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தார். நுரைக் கையோடு திரைக்கு அருகில் வந்து, பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்து, "வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா" என்று பதில் சொல்லத் தொடங்கினார்.

"பின்னூட்டமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அவள். "குழாயை மாத்துங்க. பச்சைத் தண்ணி. தேய்க்காதீங்க, அலசுங்க. உள்பக்கமா திருப்பிப் பிடிங்க. இப்ப கொஞ்சமா சோப்பு. கொஞ்சம்னா கொஞ்சம். ம், இப்பப் பிழியுங்க."

அவர் பிழிந்தார். கறை போய்விட்டிருந்தது. ஒருவர்கூட அண்ணனைப் பாராட்டவில்லை.

சோப்பு அம்மையார் சொன்னபடி ஒப்பந்தம் அனுப்பினார். பெயர் மட்டும் மாறியிருந்தது. இப்போது ஞாயிறுதோறும் அவர் துவைக்கிறார், அவள் கைப்பேசிக்குப் பின்னாலிருந்து திட்டுகிறாள், வருமானம் அவள் கணக்குக்குப் போகிறது. அலுவலகத்தில் அவர் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதில் எழுதுகிற வேலை இன்றும் அவருடையதே. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவளே ஒத்துக்கொள்கிறாள்.

ஆனால் சாப்பாட்டு மேஜையில் ஒரு மாற்றம். அவள் அங்கே பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். "அப்புறம்?" என்று அவர் கேட்பார். "அதான் ஞாயித்துக்கிழமை பேசறேனே" என்பாள். வீடு துவைத்த சட்டை போலச் சுத்தமாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பழைய பதிவுகளைத் திறந்து உப்புத்தாள் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தார். இதையெல்லாம் தனக்கு ஒருத்தி நேரில் உட்கார்ந்து சொன்னாளே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதற்கும் ஒரு பதிவு எழுதலாமா என்று விரல் துடித்தது. எழுதவில்லை. அவர் வாழ்க்கையில் எழுதாமல் விட்ட முதல் விஷயம் அதுதான்.

அன்று மடிக்கணினியையும் கைப்பேசியையும் கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் அவரையே பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்தாள்.

"எங்கயும் எழுத மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சொன்னாள். நெடுநேரம் சொன்னாள். அவர் நடுவில் 'அருமையான கேள்வி' என்று சொல்லவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அது எந்தப் பதிவிலும் வரவில்லை.

போகட்டும், அவரை விடுங்கள். உங்களுக்குத்தான் வலைப்பூ இல்லையே, வாசகர்கள் இல்லையே, நீங்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும்? ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். இதை வாசிக்க ஆரம்பித்த பிறகு உங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து ஏதோ சொன்னார். கண்ணை எடுக்காமல் நீங்கள் 'ம்' என்றீர்கள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

என்ன சொன்னார்?